சுந்தர் பிச்சை கதையை எங்க ஏரியா பசங்களிடம் சொன்னபோது

கூகுள் சுந்தர் பிச்சையை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாரும் இருப்போம் என்று தோன்றவில்லை. ஆனால் அவர் கதையை எங்காவது சொல்லியோ கேட்டோ மாட்டியிருப்போம். வடசென்னைக்காரங்க அந்த அனுபவத்தைச் சொல்லுங்க. முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் சாயங்காலம் பிளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் கரண்ட் போய்விட்டது. சும்மா இருக்க வேண்டாமே என்று வழக்கமான கதையை எடுத்தேன். 1972-ல் மதுரையில் பிறந்தார், அசோக் நகரில் இரண்டு அறை வீடு, கூடத்தில் தம்பியோடு படுக்கை, வீட்டுக்கு டெலிபோன் வர 5 வருஷம் காத்திருந்தார்கள் என்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அவங்கப்பா இன்னா வேலை சார்?"

எலெக்ட்ரிகல் இன்ஜினியர் என்றேன். அம்மா ஸ்டெனோவாக இருந்தவர்.

"அப்பால இன்னா சார் கஷ்டம்?"

வகுப்பே சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை, அவன் கேட்டது நியாயம்தான். கதையை முடித்துவிடலாம் என்று, "காரக்பூர் ஐ.ஐ.டி.யில் அவர் படித்தது கம்ப்யூட்டர்கூட இல்லடா, மெட்டலர்ஜி, உலோகவியல்" என்றேன். கேள்வி கேட்ட அதே பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அப்பா காசிமேட்டில் லாஞ்சுகளுக்கு வெல்டிங் அடிப்பவர்.

"வெல்டிங் ஒட்டு எப்பவும் வுடாது சார். ஒட்டுக்குப் பக்கத்துலதான் வுடும்னு எங்கப்பா சொல்வாரு. அது இந்தப் படிப்புல வருமா?"

எனக்குத் தெரியவில்லை. நான் பி.எஸ்சி. கணக்கு. அன்று ராத்திரி தேடிப் படித்தேன். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு உருகுவதில்லை. ஆனால் அதன் உள்ளே மணிமணியாக இருக்கும் அமைப்பு மாறிவிடுகிறது, சில இரும்பில் அந்த இடம் மொறுமொறுவென்று உடையும்படி ஆகிவிடுகிறது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கிறது. உலோகவியலில் இது அடிப்படைப் பாடமாம். பிச்சை 1993-ல் அந்தத் துறையில் முதல் மாணவராக வெள்ளிப் பதக்கத்தோடு வெளியே வந்தவர். பிறகு ஸ்டான்ஃபோர்டில் படித்ததும் பொருளறிவியல்தான். வேலைக்குச் சேர்ந்த அப்ளைடு மெட்டீரியல்ஸ், சிப் செய்யும் எந்திரங்களைக் கட்டுகிற கம்பெனி. வார்ட்டனில் எம்.பி.ஏ., மெக்கின்ஸி என்ற ஆலோசனைக் கம்பெனியில் வேலை எல்லாம் அதற்கப்புறம். மறுநாள் இதைச் சொன்னபோது ஒருத்தனும் சிரிக்கவில்லை.

வியாசர்பாடியிலிருந்து நான். எங்கள் வீட்டில் இந்தக் கதை தண்ணீரில்தான் ஒட்டியது. பிச்சையின் சின்ன வயதில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அந்தப் பயம் போகவே இல்லை, இன்றைக்கும் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் தூங்குவதில்லை என்று 2018-ல் ஒரு பேட்டியில் சொன்னாரே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லாரி பின்னாடி குடத்தோடு ஓடி முட்டி பேர்த்துக்கொண்டவள் அவள். "அவ்ளோ துட்டு வெச்சிகினு அவருக்குமா?" என்றாள். இப்போது குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குடம் ரொம்பியிருக்கா என்று தூக்கிப் பார்க்காமல் அம்மா படுப்பதில்லை.

திருவொற்றியூர். என் அனுபவம் இன்டர்வியூவில். பிச்சை கூகுளுக்கு இன்டர்வியூ போனது 2004 ஏப்ரல் 1. ஜிமெயில் அறிவித்த அதே நாள். ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள், இவர் அதை முட்டாள்கள் தினக் கேலி என்று நினைத்துவிட்டார். நான்காவதாகக் கேள்வி கேட்க வந்தவரிடம் பார்த்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டதும் அவர் திறந்து காட்டியிருக்கிறார், ஐந்தாமவர் கேட்டபோதுதான் பதில் சொல்ல முடிந்ததாம். ஆஹா, நாமும் உண்மையைப் பேசுவோம் என்று, இரண்டு பஸ் மாறி ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்குப் போய் "தெரியாது சார், காட்டுங்க" என்றேன். வாசலைக் காட்டினார்கள்.

பிச்சையிடம் எனக்குப் பிடித்தது வேறு. உள்ளே போனதும் கிடைத்தது டூல்பார் வேலை, அதாவது மற்ற கம்பெனிகளின் பிரவுசரில் கூகுள் தேடலை ஒட்டவைக்கும் பட்டை, யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத வேலை. அடுத்தவன் பிரவுசரில் நாம் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறோம், வீட்டுக்காரன் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்ற கவலை அங்கிருந்தவர்களுக்குத்தானே முதலில் வரும்? 2008 செப்டம்பரில் கூகுளின் சொந்த பிரவுசரான குரோம் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2015-ல் கூகுளுக்குத் தலைமை, 2019-ல் கூகுளின் தாய்க் கம்பெனி ஆல்பபெட்டுக்கும் சேர்த்து என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மறுபடி கொருக்குப்பேட்டை. ஒன்று விட்டுப்போச்சு. அமெரிக்கா போக விமான டிக்கெட்டுக்கு அவர் அப்பா ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளத்தைப் போட்டார் என்பதையும் சொன்னேன். "இன்ஜினியருக்கே ஒரு வருஷமா?" என்று மட்டும் கேட்டான் அந்தப் பையன். அடுத்த வாரம் தினத்தந்தி பேப்பரில் சுற்றி ஓர் உடைந்த இரும்புத் துண்டைக் கொண்டுவந்தான். உப்பேறிய பழுப்பு, ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி விரிசல். "இது ஏன் வுட்டுச்சு சார்?" பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் துண்டு இப்போதும் என் மேசைமேல்தான் கிடக்கிறது. இங்கே மெட்டலர்ஜி படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டை பக்கம் வாங்க.