சார்ஜிங் கம்மியான பழைய கார்: டைனமோவைக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் அளங்கள்

கோத்தகிரியிலிருந்து:

மலையில் பழைய கார் ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சேருங்கள்.

என்னுடையது 2002 மாடல் பெட்ரோல் கார். மழை முடிந்து பனி தொடங்கியதும் காலையில் செல்ஃப் (என்ஜினை ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்ற ஆரம்பித்தது. பேட்டரி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டேஷ்போர்டில் பேட்டரி லைட் எரியவே இல்லை. குஞ்சப்பனை பக்கம் மூடுபனியில் இறங்கும்போது ஹெட்லைட் மட்டும் கொஞ்சம் மஞ்சளடித்த மாதிரி தெரியும். ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சார்ஜிங் கம்மியா வருது சார், டைனமோவை மாத்திடலாம்" என்றார்கள். டைனமோ என்று அவர்கள் சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான், என்ஜின் சுழலும்போது கரண்ட் தயாரித்து பேட்டரியை நிரப்பும் பாகம். அவர்கள் அளந்தது தப்பில்லை, பேட்டரிக்கு வந்து சேர்ந்த வோல்டேஜ் உண்மையிலேயே குறைவுதான். ஆனால் அது டைனமோவிலேயே குறைந்ததா, வரும் வழியில் குறைந்ததா என்பது அந்த ஒரே அளவில் தெரியாது. நான் சொல்ல வந்ததே இதுதான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 12.2 காட்டியது. என்ஜினை ஓடவிட்டு, லைட் எதுவும் போடாமல் பார்த்தபோது 13.9. இதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் "சார்ஜிங் நல்லாத்தான் இருக்கு" என்று பானெட்டை மூடிவிடுவார்கள். அங்கே நிறுத்தக் கூடாது. ஒயரில் கரண்ட் ஓடினால்தான் மோசமான ஜாயின்ட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹெட்லைட், பிளோயர், வைப்பர் மூன்றையும் போடுங்கள், 30 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வேறொருவரை ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லி, என்ஜின் 2000 ஆர்பிஎம்மில் நிற்கும்போது அளங்கள்.

அப்படி அளந்ததில் பேட்டரியில் 13.3. அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரில் கரண்ட் வெளியே வரும் பெரிய போல்ட்டிலிருந்து அதன் உடம்புக்கு அளந்தால் 14.2. ஆல்டர்னேட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது! 0.9 வோல்ட் வழியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன்: 0.2. அது பரவாயில்லை. பிறகு ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸுக்கு: 0.7. நல்ல வண்டியில் இந்த இடத்தில் 0.1-க்கு மேல் போகக் கூடாது. ஆக, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியில், என்ஜினையும் பாடியையும் சேர்க்கும் எர்த் ஒயர்தான் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது இதே இரண்டு இடங்களுக்கு நடுவே பார்த்தேன், 2 வோல்ட்டைத் தாண்டியது. செல்ஃபுக்கும் அதே எர்த்தானே, அதனால்தான் அந்த இழுவை. செல்ஃப் மெதுவாகி, சார்ஜிங்கும் கூடவே குறைந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல் இருக்கட்டும்.

கழற்றிப் பார்த்தால், பின்னல் ஒயரின் லக்குக்குள்ளே (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) பச்சைக் களிம்பு. பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் துரு. வெளியிலிருந்து பார்க்க முழு ஒயர் மாதிரியேதான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குப் பிறகு வரும் பனியும் நம் பக்கத்து வண்டிகளின் ஜாயின்ட்டுகளை இப்படித்தான் அரிக்கின்றன. புது ஒயர் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கினேன், மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். இப்போது எல்லா லோடும் போட்டு பேட்டரியில் 14.0 வருகிறது.

13.3-க்கும் 14.0-க்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். குளிரில் பேட்டரி சார்ஜ் ஏற்க வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். நாமோ கடைவீதி, பள்ளிக்கூடம் என்று சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுகிறோம். 13.3-இல் அது எந்தக் காலத்திலும் நிறையாது. பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, நல்ல பேட்டரியே வீணாகிவிடும். ஹாலஜன் ஹெட்லைட்டிலும் வோல்டேஜ் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும்.

குன்னூரிலிருந்து, வேன் ஓட்டுகிறேன்:

அண்ணா சொன்னது சரி. என் அனுபவம் வேற. எனக்கு பெல்ட். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று கத்தும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பர்லியாறு இறங்குவதற்குள் சத்தமே இருக்காது என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ராத்திரி மழையில் ஏறும்போது லோடு கூடியதும் பெல்ட் வழுக்கியிருக்கிறது. சத்தம் இல்லாமலும் வழுக்கும், அதைக் கவனியுங்கள். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னினால் மாற்றிவிட வேண்டியதுதான். இறுக்குகிறேன் என்று ஓவராக இறுக்கினாலும் பேரிங் போய்விடும்.

ஒரு சந்தேகம் அண்ணா. எர்த் ஒயர் என்ன சைஸ் போட்டீர்கள்?

கூடலூரிலிருந்து:

எங்களுக்கு ஆனி, ஆடி மழைதான் பெரிய மழை. என் வண்டியில் வந்த கோளாறு விசித்திரமானது. ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் விட்டால் சார்ஜே ஆகாது, 12.3-லேயே நிற்கும். ஒரு தடவை நன்றாக ரேஸ் பண்ணிவிட்டால் அதற்கப்புறம் 14 வந்துவிடும். அது வரை நடுவட்டம் ஏறுவதே பயமாக இருந்தது.

காரணம் டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜிங் பல்ப். சாவியைத் திருப்பியதும் அது எரிகிறதா என்று பாருங்கள். என் வண்டியில் அது ஃப்யூஸ் போய்க் கிடந்தது. பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு முதல் உசுப்பல் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் போனால், உள்ளே மிச்சமிருக்கும் காந்தத்தை வைத்து, வேகம் கூடினால்தான் விழித்துக்கொள்ளும். ஒரு சின்ன பல்ப் மாற்றியதோடு முடிந்தது. "லைட் எரியல, அதனால சார்ஜ் ஆகுது" என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள்.

ஊட்டியிலிருந்து, ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன்:

மூன்று பேரும் அளந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள், மிகவும் சந்தோஷம். சிலவற்றைச் சேர்க்கிறேன்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. "கழற்றியும் ஓடினால் டைனமோ நல்லது" என்பார்கள். யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்டேஜ் எகிறி, டயோடும் (ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரண்ட்டை டிசியாக மாற்றுவது) இசியூவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சேர்ந்தே போய்விடலாம்.

ஆல்டர்னேட்டரிலேயே 14 வராவிட்டால், பெல்ட்டும் சரியாக இருந்தால், அப்புறம் கார்பனை, அதாவது உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ்ஷைப் பாருங்கள். வயதான வண்டியில் அது தேய்ந்துதான் இருக்கும். கார்பனும், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் தனியாகக் கிடைக்கும், முழு யூனிட்டையும் மாற்ற அவசியமில்லை. டயோடு சந்தேகமா, மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, லோடு போட்டு பேட்டரியில் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். நிறுத்தி வைத்த வண்டியில் ராத்திரியோடு பேட்டரி இறங்குவதற்கும் அதே டயோடு காரணமாக இருக்கும். காலையில் என்ஜின் ஜில்லென்று கிடக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதன் பெரிய போல்ட்டில் சாவி எடுத்திருந்தாலும் கரண்ட் இருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பானரைக் கொண்டுபோக வேண்டும்.

புது வண்டிக்காரர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இசியூவே சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் வண்டிகளில் பேட்டரி நிறைந்ததும் 12.8 வரை வேண்டுமென்றே இறக்கி வைக்கும். அது கோளாறில்லை.

இன்னொன்று. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது, சார்ஜ் ஆகவில்லை என்ற கவலையிலோ பெட்ரோல் மிச்சம் என்றோ நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. நியூட்ரலில் என்ஜின் ஸ்லோவுக்குப் போய் சார்ஜிங் இன்னும் குறையும், பிரேக்கும் சூடேறிக் கைவிடும். லோ கியரில் இறங்கினால் ஆர்பிஎம் குறையாமல் நிற்கும், சார்ஜும் ஏறும், உயிருக்கும் பாதுகாப்பு.

கோத்தகிரியிலிருந்து:

குன்னூர் தம்பிக்கு: 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டேன். என்ஜின் அசையும் என்பதால் நீளத்தில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். லக்கை கிரிம்பிங் டூலில் அழுத்தி வாங்குங்கள், கட்டிங் பிளேயரால் நசுக்கியது நிற்காது. மாற்றிய பிறகு பேட்டரியை வெளியே எடுத்து, மெதுவாக ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுவிடுங்கள். பாதி இறங்கிய பேட்டரியை வண்டி ஓட்டியே நிறைக்கப் பார்த்தால் அந்தச் சுமை முழுவதும் ஆல்டர்னேட்டர் தலையில்தான் விழும்.

ஊட்டி ஐயா சொன்ன ஏசி அளவையும் இன்று எடுத்துப் பார்த்தேன். 0.04 காட்டுகிறது, டயோடு நன்றாகத்தான் இருக்கிறது.