புதுப்பிப்பு: ஜூலு என் நாக்கில் ஏறுமா?

"நாற்பதைத் தாண்டியாச்சு, தென்னாப்பிரிக்க மொழியான ஜூலுவின் சொடுக்கொலிகள் (நாக்கைச் சொடுக்கி எழுப்பும் மெய்யொலிகள்) இனி எனக்கு வராது, அதெல்லாம் பிறவியிலேயே வரணும்" என்று முன்பு இங்கே புலம்பியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வருகிறது!

என்னை அசைத்தது ஒரு பதில். இந்த ஒலிகள் ஜூலுவுக்கே, தெற்கு ஆப்பிரிக்கப் பழங்குடிகளின் கொய்சான் மொழிகளோடு பழகியதால் வந்து சேர்ந்தவை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜூலு பேசுகிறவர்களின் முன்னோரும் கேட்டுக் கேட்டுத்தான் பழகியிருக்கிறார்கள். அப்புறம் பிறவி என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஜூலுவை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள்; சொடுக்கொலிகளுக்கு சி (c), எக்ஸ் (x), கியூ (q). சி என்ற எழுத்தின் ஒலி நாம் "ஐயோ பாவம்" என்று உச்சுக் கொட்டுவதேதான். எக்ஸ், மாட்டை ஓட்டும்போது கன்னத்தோரம் எழுப்புவது. இரண்டும் சின்ன வயதிலிருந்தே என் வாயில் இருந்தவை. கியூ மட்டும் புதிது: நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி ஒட்டி, சட்டென்று கீழே இழுக்க வேண்டும். தனியாக வந்துவிடும், சொல்லுக்குள் வரும்போதுதான் அடுத்த உயிரெழுத்துக்கு முன் அறுந்துபோகும். அதனால் மெதுவாக, உயிரெழுத்தோடு சேர்த்தே பழகினேன்.

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரச் சந்தையில் முட்டைக்கான ஜூலு சொல்லை, நடுவில் கியூ வரும் அதே சொல்லை, சொல்லிக் கேட்டேன். கடைக்கார அம்மா திருப்பிக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சரி, அடுத்தது இலக்கணம். உமுன்டு என்றால் ஒரு மனிதர், அபன்டு என்றால் மனிதர்கள். நமக்குக் கடைசியில் மாறுவது அங்கே முன்னால் மாறுகிறது. இதற்கு நல்ல ஒலிப்பதிவுப் பாடங்கள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.