‘வியர்டு’ (weird) என்ற ஆங்கிலச் சொல் உங்களை எங்கே இடறியது?

மழைக்குருவி:
பி.ஏ. இரண்டாம் ஆண்டு, ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் பாடம். அதில் வரும் மூன்று சூனியக்காரிகளைக் குறிக்கும் ‘வியர்டு சிஸ்டர்ஸ்’ என்றால் என்ன என்று பேராசிரியை கேட்டார். ‘விசித்திரமான அக்கா தங்கைகள்’ என்றேன். வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் தமிழில் ‘ஊழ்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். ஆங்கில வகுப்பில் தமிழ் எழுத்தைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மணி அடித்த பிறகும் அதை யாரும் அழிக்கவில்லை.

எடின்பரோவாசி:
எனக்கு வேலை பறிபோன வாரம். வாடகைக்குத் தவணை கேட்கப் போனால், வீட்டுக்கார அம்மாள் தேநீர் ஊற்றிக்கொண்டே ‘ட்ரீ யுவர் வியர்டு’ என்றார். என்னைக் கிறுக்கன் என்கிறாரோ என்று முகம் சுண்டிப்போனது. ஸ்காட்லாந்துப் பேச்சில் பழைய பொருள் இன்னும் சாகவில்லையாம்: உன் விதியை நீதான் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். ஆறுதலா, கண்டிப்பா? இன்றுவரை பிடிபடவில்லை. தவணை மட்டும் கிடைத்தது.

ஏட்டுச்சுரைக்காய்:
மகள் ஒருநாள் ‘அப்பா, நீங்கள் வியர்டு’ என்றாள். நன்றி சொன்னேன். என் கதை அவ்வளவுதான்.

மழைக்குருவி, ஒரு திருத்தம். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் அந்தச் சகோதரிகள் ‘வேவர்டு’, ‘வேயர்டு’ என்றுதான் இருக்கிறார்கள். ‘வியர்டு’ என்று மாற்றியவர் 18ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்டு. கதைக்கு மூலமான ஹாலின்ஷெட் வரலாற்றில் ‘வியர்டு’ என்றே இருப்பதால் மாற்றம் நியாயமானதே. அங்கே ‘விதியின் தேவதைகள்’ என்று விளக்கமும் உண்டு. எல்லோருக்கும் சொல்கிறேன், ஒரு சொல்லைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் அதன் வினையைப் பிடியுங்கள். பழைய ஆங்கிலத்தில் ‘வெயோர்தன்’ என்றால் ஆதல். அதிலிருந்து ‘விர்டு’, அதாவது ஆகிவருவது. ஜெர்மனில் ‘வெர்டன்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘விசித்திரம்’ என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். தனி நோட்டு போட்டு எழுதி வையுங்கள், பென்சிலால் அல்ல.

எடின்பரோவாசி:
பென்சிலுக்கு என்ன குறை?

மழைக்குருவி:
அறிவுரை கேட்கவில்லை ஐயா. ஆனால் ‘ஆகிவருவது’ என்றீர்களே, அது என்னைத் தூங்கவிடவில்லை. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். 650ஆம் குறளில் ‘இணரூழ்த்தும்’ என்று பூங்கொத்துக்கு வருகிறது. கரும்பலகையில் ‘விதி’ என்றே பேராசிரியை எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.