கறுப்புப் பட்டையா, சிவப்புப் பட்டையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்பெயினில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். டிசம்பர் கடைசியில் எக்ஸ்ட்ரமதுரா பக்கம் போகிறோம், ஓக் கொட்டை தின்று வளரும் இபேரியப் பன்றிகளை மரத்தடியிலேயே பார்த்துவிட்டு அப்படியே ஒரு முழுத்தொடை ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை) வாங்கிக்கொண்டு மாட்ரிட் திரும்பலாம் என்று திட்டம். சும்மா போய் நின்றால் பண்ணைக்குள் விடுவார்களா, முன்னாடியே சொல்லிவைக்க வேண்டுமா?

அப்புறம் வாங்குகிற விஷயம். கொட்டை உதிரும் பருவத்தில் பன்றி குறைந்தது 60 நாள் மேய்ந்து 46 கிலோவாவது ஏறியிருந்தால்தான் 'பெயோத்தா' (ஓக் கொட்டை) என்று விற்கலாமாம். தரம் தெரிய தொடையில் ஒரு வண்ணப் பட்டை மாட்டியிருப்பார்கள்: பெயோத்தாவில் கலப்பில்லாத இனத்துக்குக் கறுப்பு, கலப்பினத்துக்குச் சிவப்பு. பச்சையும் வெள்ளையும் தீவனம் தின்று வளர்ந்தவை, அவை வேண்டாம். கறுப்புக்குக் கொடுக்கிற கூடுதல் காசு நாக்கில் தெரியுமா, இல்லை பெயருக்குத்தானா? கடைக்காரரைக் கேட்டால் கறுப்பு என்றுதான் சொல்வார், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வீட்டில் நாலு பேர், அதில் ஒருவர் சைவம். ஏழெட்டுக் கிலோ தொடையை வெட்டத் தொடங்கினால் காய்ந்துபோவதற்குள் தீருமா? வெட்டிய இடத்தை அதன் கொழுப்பாலேயே மூடித் துணி போர்த்தச் சொல்கிறார்கள், மாட்ரிட் வீட்டு ஹீட்டர் சூட்டில் அது போதுமா? தொடைக்குப் பதில் முன்னங்கால் வாங்கலாமென்றால், அது சின்னது, விலையும் குறைவு, ஆனால் எலும்புதான் அதிகம். கத்தி வளையும்படி நீளமாக, மெல்லியதாக இருக்க வேண்டுமாம், நம்ம அரிவாள்மனைக்கு இங்கே வேலையில்லை. வீட்டில் வெட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு படம் போடுங்களேன்.