ரங்கூன் குப்பைய எரிச்சா ஊர் கரண்டு பிரச்சனை தீருமா?

திங்கஞ்சூன்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல கரண்டு வர்றதும் போறதுமா இருக்கு, பின்சந்துல பாத்தா குப்பை குமிஞ்சு கெடக்கு. ரங்கூன்ல ஒரு நாளைக்கு 2,000 டன்னுக்கு மேல சேருதாம். ரங்கூன் ஷ்வேபிதா பகுதியில 2017ல ஜப்பான் ஜேஎஃப்இ கம்பெனி கட்டின, குப்பைய எரிச்சு கரண்டு எடுக்கிற பிளாண்ட் இருக்குல்ல, நாளைக்கு 60 டன் எரிச்சு 760 கிலோவாட் எடுக்கிற மாதிரி, அதையே பெருசாக் கட்டி மொத்தக் குப்பையையும் போட்டா என்ன? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மோல்மீன்காரன்:
தம்பி, நீங்க சொன்ன நம்பரையே வச்சுக் கணக்குப் போடுவோம். 760 கிலோவாட் ராப்பகலா ஓடினா 18,240 யூனிட், டன்னுக்கு 300 யூனிட் சொச்சம், அதுலயும் அங்க ஓடுற ஃபேன் பம்புக்கே ஒரு பங்கு போயிரும். 2,000 டன்னையும் எரிச்சாக்கூட 25 மெகாவாட் தான், ரங்கூனுக்கு ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல வேணும். நம்ம குப்பை ஈரம், அதான் பெரிய சங்கதி. மத்தியானமா சந்தைக்குப் பின்னாடி ஒரு மூட்டையத் தூக்கிப் பாருங்க, மொஹிங்காவுக்கு (பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ்) நறுக்கின வாழைத்தண்டோட மிச்சம், கீரைக்காம்பு, மீன் செதில், அடியில கறுப்பா தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்கவே முக்கால் யூனிட் கிட்ட சூடு செலவு. டன்னுல பாதி தண்ணின்னா எரியிற சூட்டுல ஒரு பங்கு குப்பை தன்னையே காய வைக்கிறதுக்கே போயிரும், மழைக்காலத்துல டீசல் ஊத்த வேண்டி வந்தாலும் வரும்.

வியாசர்பாடி_சொந்தம்:
அண்ணன் சொல்றது சரி. ஆனா எரிக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எரிச்சா குப்பை பத்துல ஒரு பங்கா சுருங்கிரும், இல்லன்னா கொட்ட எடம் வேணும். 2018 ஏப்ரல்ல ரங்கூன் லைங்தயா பகுதியில இருக்கிற தெயின் பின் குப்பைமேடு பத்திக்கிட்டு எத்தனை நாள் புகைஞ்சுது, அது உள்ள அழுகி வர்ற மீத்தேன் சும்மா விடாது. எங்க பெரியம்மா குடும்பம் பர்மாவுல இருந்து கப்பலேறி வியாசர்பாடில குடியேறினவங்க, பக்கத்துல கொடுங்கையூர் மேடு, அந்த நாத்தத்தோடயே காலம் போச்சு. எனக்கு பயம் டையாக்சின் தான், குப்பை சரியா எரியலன்னா புகையில வர்ற விஷம். அடுப்புல 850 டிகிரிக்குக் கொறையாம ரெண்டு செகண்டாவது புகை நிக்கணும், ஈரக் குப்பை விழுந்து சூடு எறங்கினா அந்த விஷம் உருவாகிரும், அப்புறம் ஃபில்டர்ல புடிக்கிற சாம்பல எங்க பத்திரமாப் புதைப்பாங்கன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கணும். ஏழைங்க தெருவுக்குப் பக்கத்துல தான் இந்த மாதிரி பிளாண்ட் வரும், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, அதுதான் மனசு ஆறல.

திங்கஞ்சூன்_தம்பி:
அப்ப ஈரக் குப்பைய என்ன தான் பண்றது?

மோல்மீன்காரன்:
தனியாப் பிரிச்சு மூடின டேங்க்ல புளிக்க விடணும், அங்க ஈரம் எதிரி இல்ல. ஒரு டன் சாப்பாட்டுக் கழிவுல 100 கனமீட்டர் கிட்ட கேஸ் வரும், ஜெனரேட்டர்ல விட்டா 200 யூனிட் சுமார். பிளாஸ்டிக் கலந்துட்டா அதுவும் போச்சு, அதனால வீட்லயே ரெண்டு கூடை வைக்காம எந்த மெஷினும் வேலைக்கு ஆகாது. நம்ம கோயில் மடப்பள்ளி மாதிரி எடத்துல சின்னதா ஆரம்பிக்கலாம், 10 கிலோ கழிவுக்கு ஒரு கனமீட்டர், ஒரு அடுப்பு ரெண்டு மணி நேரம் எரியும். முதல்ல சாணி கரைச்சு ஊத்தி விடணும், எலுமிச்சைத் தோலும் சோப்புத் தண்ணியும் உள்ள போகவே கூடாது. உங்க பக்கத்துக் கோயில்ல அன்னதானம் முடிஞ்சு எத்தனை கிலோ சேருதுன்னு ஒரு வாரம் தராசுல போட்டு இங்க எழுதுங்க, டேங்க் எவ்வளவு பெருசு வேணும்னு நான் கணக்குப் போட்டுத் தர்றேன்.