ஏறும்போது உயரம் தவறுவது அரட்டையாலா, வேலையாலா?

காற்றாடி:
ஏறும் விமானம், நிற்கச் சொன்ன உயரத்தைத் தாண்டிப் போவதை லெவல் பஸ்ட் என்கிறார்கள். நாசாவின் ஏஎஸ்ஆர்எஸ் என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு விமானிகளே எழுதி அனுப்பும் அறிக்கைகளில் இது ஓயாமல் வருகிறது. என்னைக் கேட்டால் காரணம் ஒன்றுதான்: காக்பிட்டில் வாய் அதிகம். 1974இல் அமெரிக்காவின் ஷார்லட்டில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் 212 விழுந்து 72 பேர் போனார்கள். தரையிறங்கப் போகும் நேரத்தில் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது பதிவில் இருக்கிறது. 1981இல் அமெரிக்கா 10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சுக்குத் தடை போட்டது. அதை ஏறி முடிக்கும்வரை நீட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ரேடார்கண்:
தீராது. 212 இறங்கும்போது விழுந்தது, நாம் பேசுவது ஏற்றத்தைப் பற்றி. புறப்பட்ட முதல் சில நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். சக்கரம் மேலே, ஃபிளாப் (இறக்கையின் நீட்டுத் தகடு) உள்ளே, செக்லிஸ்ட், அலைவரிசை மாற்றம், புதிய கட்டுப்பாட்டாளரிடம் பேச்சு, முன்னால் மழைமேகம் தெரிந்தால் திசை மாற்ற அனுமதி. நடுவே கேபினிலிருந்து மணி. இதில் எது அரட்டை? பாரம் குறைந்த ஜெட் நிமிடத்துக்கு 3,000 அடி ஏறும். கடைசி 1,000 அடிக்குக் கிடைப்பது 20 வினாடி. குனிந்து ஓர் அலைவரிசையை எழுதி நிமிர்ந்தால் அதில் பாதி போயிருக்கும்.

காற்றாடி:
ஆட்டோபைலட் எதற்கு இருக்கிறதாம்? எண்ணைப் போட்டால் தானே நின்றுவிடும்.

ரேடார்கண்:
எந்த எண்ணில்? நீங்கள் போட்ட எண்ணில் நிற்கும், கட்டுப்பாட்டாளர் சொன்ன எண்ணில் அல்ல. 10,000த்தையும் 11,000த்தையும் மாற்றிக் கேட்பது பழைய வியாதி. வாய் சரியாகத் திருப்பிச் சொல்லும், கை வேறு எண்ணைத் திருகும். எண் சரியாக இருந்தாலும் தப்பு நடக்கும். லண்டன் வட்டாரத்தில் 6,000 அடி தாண்டியதும் உயரமானியின் அழுத்தத்தை, எல்லோருக்கும் பொதுவான 1013 ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்ற வேண்டும். அன்றைய அழுத்தம் 990 என்றால் வித்தியாசம் 23. ஒன்றுக்கு 27 அடி வைத்தாலும், மாற்ற மறந்தவர் 600 அடிக்கு மேல் தாண்டிப் போய் நிற்பார். அவர் திரையில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். மேலே போகிற விமானத்துக்கும் அவருக்கும் இருக்க வேண்டிய இடைவெளியே 1,000 அடிதான்.

காற்றாடி:
1996இல் சர்க்கி தாத்ரி மேலே இரண்டு விமானங்கள் மோதியதை மறந்துவிட்டீர்களா? 349 உயிர். அதுவும் உயரம் தவறியதுதானே?

ரேடார்கண்:
உயரம் தவறியதுதான். யார் தவறினார்கள்? டெல்லியிலிருந்து ஏறிய சவுதி 747 தனக்குச் சொன்ன 14,000த்தில் இருந்தது. இறங்கி வந்த கசகஸ்தான் இல்யூஷின் விமானம்தான் 15,000த்தில் நிற்காமல் கீழே போனது. தரையோடு பேசிய ரேடியோ ஆபரேட்டருக்குச் சொந்தமாக உயரமானியே கிடையாது, விமானிகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு எந்த அரட்டைத் தடை மருந்து? 1972 ஈஸ்டர்ன் 401ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை என்று 2,000 அடிக்கு ஏறி வட்டமிட்டார்கள். எல்லோரும் அந்தச் சின்ன பல்போடு போராடியபோது விமானம் மெல்லக் கீழே சரிந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தது, யார் காதிலும் ஏறவில்லை. 101 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

மீனா_கேபின்:
கேபினில் வேலை பார்த்தவள் என்பதால் நடுவில் வருகிறேன். காற்றாடி சார், அந்த 1981 விதியை ஒருமுறை படியுங்கள். அரட்டை மட்டுமல்ல, சாப்பாடு, விமானச் சமையலறைக்குச் சாமான் கேட்டுக் கம்பெனியோடு பேசுவது, ‘வலப்பக்கம் பாருங்கள்’ வகை அறிவிப்பு எல்லாமே தடைப் பட்டியலில் உண்டு. கம்பெனி கொடுக்கும் தொல்லை இது என்று விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் நீட்டுவதை நான் ஏற்க மாட்டேன். தடை இருக்கும் நேரத்தில் காக்பிட்டைக் கூப்பிட எங்களுக்கு ஏற்கெனவே தயக்கம். சாதாரண வாடையா, புகையா என்று யோசித்தே நேரம் போகும். கனடாவின் டிரைடனில் 1989இல் இறக்கையில் பனி இருந்ததைக் கேபினில் இருந்தவர்கள் பார்த்தார்கள். விமானியிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. புறப்பட்டதும் விமானம் விழுந்து 24 பேர் இறந்தார்கள்.

காற்றாடி:
அது பயத்தின் கதை அம்மா, விதியின் கதை இல்லை. இருக்கட்டும். ரேடார்கண், வேலைதான் குற்றவாளி என்றால் வேலையை நிறுத்திவிடவா முடியும்?

ரேடார்கண்:
நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடலாம். கடைசி 1,000 அடியில் செக்லிஸ்ட் இல்லை, கம்பெனி ரேடியோ இல்லை. ஏறும் வேகத்தை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் கீழே கொண்டுவந்து இரண்டு பேரும் உயரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணைத் திருகியவர் விரலால் காட்டிச் சொல்ல, மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும். லண்டனில் விமானி தேர்ந்தெடுத்த உயரம் கட்டுப்பாட்டாளரின் திரையிலேயே தெரிகிறது. அங்கே தவறான எண்ணைத் தரையிலிருந்தே பிடிக்கலாம்.

காற்றாடி:
1,000 அடி ஏற்பாடு நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். பழைய கார் பேசுகிறவன் அந்த 1,000 அடி வந்ததைக் கவனிப்பானா என்பதுதான் என் சந்தேகம், அதை நான் விடப்போவதில்லை. அப்புறம், சரியாக அந்த 20 வினாடிக்குள் அலைவரிசை மாற்றச் சொன்னால்?

ரேடார்கண்:
‘ஸ்டாண்ட்பை’, அதாவது பொறுங்கள். ஒரே சொல். உயரத்தில் நின்றபிறகு மாற்றிக்கொள்ளலாம், கட்டுப்பாட்டாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.