முண்டு மிளகாய்த் தூள் யூனிட் போட யோசனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் முதுகுளத்தூர் பக்கம். இங்கே மானாவாரி விவசாயம்தான், வேறு வேலை கிடையாது. படித்த பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்விடுகிறார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் எங்கள் மிளகாய் மூட்டை மூட்டையாகக் கமிஷன் கடைக்குத்தான் போகிறது. கூலி மிஞ்சினால் பெரிய விஷயம்.

சுயஉதவிக் குழுப் பெண்கள் சிலர் சேர்ந்து, மிளகாயை அரைத்து பாக்கெட் போட்டு விற்கலாம் என்று பார்க்கிறோம். பி.எம்.எஃப்.எம்.இ. என்ற, சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு, குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் உண்டு. ஆனால் மானியம் வங்கிக் கடனோடு சேர்ந்தது. கடன் கேட்டுப் போனால் அடமானம் இருக்கிறதா என்கிறார்கள். இந்தத் திட்டத்தில் கடன் வாங்கியவர்கள் திட்ட அறிக்கையை யாரிடம் தயாரித்தீர்கள்?

அப்புறம், காயவைப்பதுதான் பெரிய கவலை. களத்தில் போட்டால் மண் ஒட்டுகிறது, ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து அஃப்லாடாக்சின் என்ற நச்சு வருகிறது. சோலார் உலர்த்தி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? மழை மூட்டத்தில் தாங்குமா? யூனிட்டை நேரில் பார்க்க விட்டால் குழுவோடு கிளம்பி வருகிறோம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவை நாங்களே பார்த்துக்கொள்வோம்.